முதல் வாய்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்றே அந்த அக்கா, முருகனுக்கு எடுத்து வைத்திருந்த சுண்டலில் கையை விட்டு நாலு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று கிருத்திகை. நான் குளித்து, திருநீறு பூசி, கற்பூரத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "ஐயையோ, அக்கா!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

"இன்னா ஆச்சு? தேளா?" என்று அக்கா காலைத் தூக்கிக்கொண்டார்.

"சாமிக்கு வச்சதுக்கா அது! படைக்கிறதுக்கு முன்னாடி வாயில போட்டுட்டீங்களே. நாங்க வாசனகூடப் புடிக்க மாட்டோம்."

அக்கா மென்றுகொண்டே யோசித்தார். "ஏம்மா, இதுல உப்பு போடலியே."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மறந்துதான் போயிருந்தாள். ருசி பார்க்கக் கூடாது என்பதால் எங்களுக்கு அது தெரியவே வழியில்லை.

"பாத்தியா? உப்பில்லாத சுண்டல சாமிக்குக் குடுக்க இருந்தீங்க. நல்ல வேள, நான் வந்தேன்" என்ற அக்கா, படத்திலிருந்த முருகனை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாத்தையும் மொதல்ல சாமியேதான் திங்கணுமா? யாரும் தின்னு பாத்துட்டுக் குடுக்க மாட்டீங்களா? பாவம்ப்பா உங்க சாமி."

மறுபடி கடலை ஊற வைக்க நேரமில்லை. அவல் நனைத்து வெல்லம் போட்டுப் படைத்தோம். அக்காவின் பேச்சு எனக்குக் கோபமாக வந்தது. நான் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அதிகம் படிக்கவில்லை. சாமி விஷயத்தில் பெரியவர்கள் சொன்னதை மாற்றாமல் செய்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. ஆனால் அந்த அக்காவின் முன்னால் கோபத்தை ரொம்ப நேரம் பிடித்து வைத்திருக்க யாராலும் முடிந்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. ஓசூரில் ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் நான் கார் ஓட்டினேன். அக்கா அங்கே சமையல். ஜவளகிரியில் பிறந்தவர். காய்காரம்மாவிடம் கன்னடம், தோட்டக்காரரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை, எங்கள் மேனேஜர்கூட அக்கா என்றுதான் சொல்வார். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

எதை யாருக்குக் கொடுத்தாலும் முதல் வாய் அக்காவுடையது. சாம்பார் இறக்கினால் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு. பால் காய்ச்சினால் ஒரு மடக்கு. கடையிலிருந்து பிஸ்கட் பாக்கெட் வந்தால்கூட மேலே இருக்கும் ஒன்று அக்காவுக்கு. ருசி பார்க்கிறவர்கள் உதட்டில் வைத்துச் சப்புக்கொட்டுவார்களே, அப்படி இல்லை. நன்றாக மென்று, விழுங்கி, கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகுதான் "ம், சாப்புடுங்கோ" என்பார்.

வாட்ச்மேன், சிங்காரப்பேட்டைக்காரர், வம்புக்கு இழுப்பார். "அக்காவுக்குப் பசி தாங்காது. நமக்கு எலை போடறதுக்குள்ள அக்காவுக்கு ஏப்பம் வந்துடும்."

"ஆமாண்டா. நான் தின்னுட்டு நின்னுகினு இருக்கேனான்னு பாத்துக்கோ. விழுந்துட்டேன்னா நீ திங்காத."

என் மகனுக்கு இருமல் வந்தபோது மருந்து வாங்கிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸ் வழியாக வந்தேன். அக்கா பாட்டிலைப் பிடுங்கி, மூடியில் ஊற்றித் தான் ஒரு அளவு குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பிறகு பெஞ்சில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனார். அன்று மத்தியானச் சாப்பாடு எல்லோருக்கும் தாமதம்.

இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று ஒரு மழைக்காலத்தில்தான் தெரிந்தது. கெஸ்ட் ஹவுஸுக்கு ராகி வாங்க ஜவளகிரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். முந்தின நாள் நல்ல இடி. தளி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அக்கா என் தோளில் ஓங்கி அடித்தார்.

"அணபெ! வண்டிய நிறுத்துப்பா! காளான், காளான்!"

ஓடுகிற வண்டியிலிருந்து எப்படிப் பார்த்தார் என்று இன்றுவரை தெரியாது. புதருக்குப் பின்னால் ஒரு கறையான் புற்று. அதன் சரிவில் வெள்ளையும் சாம்பலுமாகக் குடை குடையாக நின்றன. புற்று என்றதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். அக்கா முழங்கையால் என்னை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

பிடுங்கவில்லை. குச்சியால் மண்ணைச் சுற்றி நெகிழ்த்தி மெதுவாக எடுத்தார். தண்டுக்குக் கீழே வால் மாதிரி ஒரு நீள வேர் புற்றுக்குள் இறங்கிப் போயிருந்தது. "இந்த வாலு இருக்கணும். இருந்தாத்தான் புத்துக்காளான்." குடையைத் திருப்பினார். அடியில் புடவைக் கொசுவம் மாதிரி மெல்லிய மடிப்புகள். "இது வெள்ளையா இருக்கணும். பச்சையா மாறினா கிட்டப் போவக் கூடாது." தண்டை விரலால் தடவினார். "இங்க மோதிரம் போட்டிருக்கக் கூடாது. மோதிரம் போட்டுகினு மினுக்கிகினு நிக்கறவள வீட்டுக்குள்ள வுட்டா குடும்பமே படுத்துடும்."

"இவ்வளவும் பாத்தப்புறம் சமைச்சுற வேண்டியதுதானக்கா?"

"ஏம்ப்பா, அவ்ளோ சுளுவா? பறிச்சவங்க மொதல்ல திங்கணும். தின்னுட்டு சாயங்காலம் வெளக்கு வெக்கிற வரைக்கும் நல்லா இருக்கணும். அப்பறம்தான் மத்தவங்களுக்குச் சட்டி. எங்க வூட்டுல அப்டி. அதனால சின்னப் புள்ளைங்கள பறிக்கவே விடமாட்டாங்க. கல்யாணம் நிச்சயமான வருசம்தான் எங்கப்பா எனக்கு உத்தரவு குடுத்தாரு. நானே பறிச்சி, நானே சுட்டு, மொத வாய் தின்னேன். எதுத்தாப்புல உக்காந்துகினு எங்கப்பா அழுவுறாரு."

"பயந்துட்டாரா?"

"பயமா, பொண்ணு பெருசாயிட்டான்னு சந்தோசமா, யாருக்குத் தெரியும்? அழுதுகினே, 'இன்னொண்ணு தின்னு'ன்னாரு."

அக்கா சிரித்த சிரிப்பில் புற்றுப் பக்கமிருந்து ஒரு ஓணான் ஓடியது. தப்பாகப் பறித்தால் பறித்தவருக்கே வலிக்கட்டும் என்ற அந்த வீட்டு வழக்கத்தை, அக்கா ஓசூருக்கு வந்து பால், பிஸ்கட், இருமல் மருந்து வரைக்கும் நீட்டிவிட்டார், அவ்வளவுதான். அந்தக் காளானை அன்று சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு நான் சாப்பிட்டேன். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டது. என் மனைவி மட்டும், "அது மண்ணுல மொளச்ச கறி" என்று சொல்லித் தொடவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு இத்தாலிக்காரர் வந்தார்.

பெரிய மெஷின் ஒன்றைப் பூட்டி ஓடவைத்துக் கொடுக்க வந்த இன்ஜினியர். நல்ல உயரம், நல்ல மனிதர். சாப்பிடும் முன் நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குக் கூட்டிப் போகச் சொல்வார். சாமி பயம் உள்ளவர் என்பதால் எனக்கு அவரிடம் தனி மரியாதை. ஆனால் சிலுவை போட்டுக்கொண்ட பிறகு அவர் சாப்பிட்டது வாழைப்பழமும் அவித்த முட்டையும்தான். அக்கா மிளகாயைக் குறைத்துப் பார்த்தார். புளியை விட்டுப் பார்த்தார். கடைசியில் உப்பையும் விட்டுப் பார்த்தார். சார் சிரித்தபடி தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். கொஞ்ச நாளில் அவர் பெல்ட்டுக்குச் செருப்புத் தைக்கிறவரிடம் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தவன் நான்தான்.

மேனேஜர் ஒரு நாள் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, உங்க மேல தப்பு சொல்லல. ஆனா கெஸ்ட் இளைச்சுட்டே போறார். மேலிடத்துல கேக்கறாங்க. பெங்களூர்ல ஒரு கேட்டரிங் கான்ட்ராக்டர் இருக்கார். மாசம் முடியறதுக்குள்ள இவர் ஒழுங்கா சாப்பிடலைன்னா, கிச்சனை அவர்கிட்ட விட்டுடுவோம்."

அக்கா கையிலிருந்த வெங்காயத்தை உரித்தார், உரித்தார், ஒன்றும் மிஞ்சாத வரைக்கும் உரித்தார். அவர் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். அந்தச் சமையலறை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த நேரத்தில்தான் சாரின் ஊரிலிருந்து இன்னொரு இன்ஜினியர் வந்தார். சாரின் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். சார் அதைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டு மூச்சை இழுத்தார். கண் கலங்கிவிட்டது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேரே அக்காவிடம் வந்தார். அது ஒரு சனிக்கிழமைக் காலை.

"போர்ச்சீனி" என்றார். "சண்டே. லஞ்ச். ப்ளீஸ்."

உள்ளே பழுப்பும் வெள்ளையுமாகக் காய்ந்த சீவல்கள். பார்க்க மரப்பட்டை மாதிரி. மணம் மட்டும், வறுத்த கடலையும் மழை பெய்த தோட்டத்து மண்ணும் சேர்ந்த மாதிரி. காட்டில் முளைக்கிற காளானாம், வெட்டிக் காய வைத்ததாம். நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டு சொன்னேன்.

"காளானா?" அக்கா ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாலு எங்க? மடிப்பு எங்க? எங்க மொளச்சுதுன்னு கேளு."

சார் பேப்பரில் படம் போட்டார். குண்டுத் தண்டு, பன் மாதிரி தலை. பைன் மரத்துக்கு அடியில் வளரும் என்று மரத்தையும் போட்டார். தலைக்கு அடியில் அக்கா விரலை வைத்தார். மடிப்பு இல்லை. அங்கே என்ன இருக்கும் என்று கேட்டதற்கு சார் சுற்றும் முற்றும் பார்த்து, தொட்டியிலிருந்து பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து நீட்டினார். இந்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் என்று சொல்ல வந்தார், பாவம்.

அக்கா ஸ்பாஞ்சைப் பார்த்தார். சாரைப் பார்த்தார்.

"சொல்லுப்பா அவருகிட்ட. சட்டி தேய்க்கறத நான் ஆக்கிப் போட முடியாது."

"சார், அக்கா சேயிங், நோ அண்டர் சைடு, நோ குக்கிங்" என்றேன்.

சார் முதலில் சிரித்தார். பிறகு அக்கா நிஜமாகத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. "மம்மா" என்று மட்டும் சொல்லி, பொட்டலத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மேனேஜருக்கு எப்படியோ செய்தி போய், போன் வந்தது. கெஸ்ட் அவராகக் கேட்ட ஒரே சாப்பாடு இதுதான், இதையும் முடியாது என்றால் எப்படி, நாளை மத்தியானம் கான்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டே வருகிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டு அக்கா பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செஞ்சு குடுத்துடுங்கக்கா. அவரு ஊருச் சாப்பாடுதான?" என்றேன்.

"அவரு பறிச்சாரா? அவங்கம்மா பறிச்சாங்களா? கடைல வாங்கினாங்களா? எவன் பறிச்சான்னே தெரியாது. அந்த ஆளு தின்னுட்டு நல்லா இருக்கானான்னும் தெரியாது." பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "பறிச்சவன் இங்க இல்ல. அப்ப ஆக்கறவதான்" என்றார்.

சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி அள்ளி, அப்படியே காய்ந்ததாக வாயில் போட்டுக் கறுக் கறுக்கென்று மெல்ல ஆரம்பித்தார். முதல் வாயில் மசாலா கூடாது என்பது அவர் கணக்கு. மசாலா போட்டால் எதுவும் ருசிக்கும், குணம் தெரியாது என்பார். மென்று முடித்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சாயங்காலம் வெளக்கு வெக்கிற வரைக்கும் பாக்கலாம்" என்று முந்தானையை உதறிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் அக்காவுக்கு வயிறு உப்பிவிட்டது.

பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வாட்ச்மேன் ஓடி வந்தார். தோட்டக்காரர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்கில் என்ன தெரியும் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த திருநீற்றை அக்கா நெற்றியில் பூசி, முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே கார் சாவியை எடுத்தேன்.

"ஆஸ்பத்திரி வேணாம். மேனேஜருக்குத் தெரிஞ்சிடும்" என்றார் அக்கா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "கொத்தமல்லி ரெண்டு கட்டு வாங்கி வச்சிருக்கேன். வீணாக்காதீங்க. பாலுக்கு உறை ஊத்திடுங்க" என்றார்.

வாட்ச்மேன் அழுதே விட்டார். தினமும் அக்காவைக் கிண்டல் செய்தவர்தான். "அக்கா, நான் சும்மா வெளையாட்டுக்கு சொன்னதுக்கா. நீ எவ்ளோ வேணா மொதல்ல தின்னுக்கா."

நான் கம்பெனிக்கு ஓட்டி சாரைக் கூட்டிவந்தேன். வழியில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வந்ததும் அக்கா முன்னால் மண்டி போட்டு, மெல்லுவது போல் செய்து காட்டி, "ட்ரை? ட்ரை?" என்று கேட்டார். காய்ந்ததையா சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார் என்றேன். அக்கா தலையாட்டினார். எவ்வளவு என்றதற்குக் கைப்பிடியைக் காட்டினார்.

சார் எழுந்து உள்ளே போனார். ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீரும் ஒரு துண்டும் கொண்டுவந்து, துண்டைத் தண்ணீரில் போட்டு அக்கா கண்ணுக்கு நேரே பிடித்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். மரப்பட்டை மாதிரி இருந்தது மெல்ல நெளிந்தது. விரிந்தது. தடித்தது. தண்ணீர் டீ நிறமானது. சார் டம்ளரைக் காட்டி, பிறகு அக்காவின் வயிற்றைக் காட்டினார்.

"அடேயப்பா!" அக்கா வயிற்றுவலியை மறந்து டம்ளரைப் பிடுங்கினார். "எம்மாம் பெருசாவுது நோடப்பா, பாரேன்! இதான் உள்ள நடக்குதா?"

முதலில் சிரித்தது சார்தான். பிறகு வாட்ச்மேன், கண்ணீரோடு. ஓமம் போட்டுக் காய்ச்சிய வெந்நீரைக் குடித்துவிட்டு அக்கா விட்ட ஏப்பத்தில் துவைக்கிற கல்லே அதிர்ந்த மாதிரி இருந்தது. "நல்ல ஜாதிதாம்பா. கெட்டதா இருந்தா இந்நேரம் பேச வுடாது" என்றார். ஆனாலும் அன்று சாயங்காலம் நான் சமையலறையிலிருந்த முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிற வரைக்கும் தீர்ப்பைச் சொல்லி முடிக்கவில்லை. விளக்கேற்றிய பிறகுதான், "சரி. நாளைக்கு ஆக்கலாம்" என்றார்.

இதை எதோடு சாப்பிடுவார்கள் என்று கேட்டதற்கு சார் வாயால் சொல்லிப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. பிறகு கையால் செய்து காட்டினார். பெரிய பாத்திரம், கொதிக்கிற தண்ணீர், அதில் மாவைத் தூவி, இரண்டு கையாலும் ஒரு கட்டையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கிண்டுவது. நெற்றி வியர்வையைத் துடைப்பதுகூடச் செய்தார்.

அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "களி! அய்யோ, இவங்க ஊர்லயும் களி கிண்டுவாங்களா!"

ராகி மாவைக் காட்டினால் சார் தலையை ஆட்டிவிட்டு, காரின் மஞ்சள் நம்பர் பலகையைத் தொட்டார். மஞ்சள் மாவு. அக்காவுக்கு உடனே பிடிபட்டது. மக்காச்சோளம். எங்கள் பக்கம் அதைக் கோழிக்குத்தான் போடுவார்கள். கோழித் தீவனம் அரைக்கிற மில்லில் நல்ல சோளமாகப் பொறுக்கி, ரவை பதத்தில் அரைத்து வாங்கி வந்தேன். மில்காரர், "எத்தனை கோழி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுதான். இத்தாலிக் கோழி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியதும் சார் நேரே சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். அக்கா காளானை ஊற வைத்து எடுத்து, அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றப் போனார். சார் "நோ நோ நோ!" என்று அலறிப் பாத்திரத்தைக் காப்பாற்றினார். ருசியெல்லாம் அந்தத் தண்ணீரில்தானாம். மெல்லிய துணியில் வடிகட்டினால் அடியில் அவர்கள் ஊர் மணல் நின்றது. அக்கா அந்த மணலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் முதல் வாய் என்றால் எல்லாவற்றிலும்தான்.

நெய்யில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் காளானைப் போட்டு, வடிகட்டிய தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் மிளகு மட்டும் தட்டிப் போட்டார். வீடு முழுக்க மணம். இன்னொரு அடுப்பில் களி. சார் சட்டைக் கையை மடித்துவிட்டு, அக்கா கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டார். அக்கா பானையைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"கட்டி வுழுது பாரு! வேகமா! அந்தப் பக்கம்! அய்யோ, இவங்கம்மா ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

சார் அவர் பாஷையில் பதிலுக்குக் கத்தினார். இவர் சொல்வது அவருக்குப் புரியவில்லை, அவர் சொல்வது இவருக்குப் புரியவில்லை. ஆனால் சண்டை ஒரு இடத்திலும் தடைபடவில்லை. அப்படி இருக்கும்போதுதான் மேனேஜர் கான்ட்ராக்டரோடு உள்ளே வந்தார். வெள்ளைக்கார கெஸ்ட் வியர்த்து வழிய களி கிண்டுவதையும், சமையல்காரம்மா அவரைத் திட்டுவதையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

மேஜையில் மஞ்சள் களி, நடுவில் குழி, குழியில் காளான். சார் சிலுவை போட்டுக்கொண்டார். முள்கரண்டியை எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். வாட்ச்மேனும் நானும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன, எல்லாரும் இவங்க வாயையே பாக்கறீங்க?" என்றார் மேனேஜர்.

அக்கா ஒரு வாய் எடுத்து மென்றார். விழுங்கினார். கொஞ்ச நேரம் நின்றார். அன்று அந்தக் கொஞ்ச நேரம் ரொம்ப நீளமாக இருந்தது.

"ம். சாப்புடுங்கோ."

சார் சாப்பிட்டதை நான் எழுத முடியாது, பார்க்கத்தான் வேண்டும். இரண்டாவது தடவை வாங்கினார். மூன்றாவது தடவை வாங்கும்போது பெல்ட்டைத் தளர்த்தி, நான் போட்டுக்கொண்டு வந்த ஓட்டையிலிருந்து பழைய ஓட்டைக்கு மாற்றினார். கான்ட்ராக்டரும் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு, மாவு எந்த மில்லில் அரைத்தது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். மேனேஜர் வாசலில் நின்று, "அந்த விஷயம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

சார் இருந்த வரைக்கும் வாரத்துக்கு ஒரு நாள் களி. மழை வந்தபோது அக்கா ஜவளகிரியிலிருந்து புற்றுக்காளான் பறித்து வந்தார். இப்போது சாரின் முறை. குடையைத் திருப்பி மடிப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் ஊரில் ஸ்பாஞ்சு இருந்தால்தான் நம்புவார்களோ என்னவோ. அக்கா ஒன்றைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். "பிக்கிங் பெர்சன், ஃபர்ஸ்ட் ஈட்டிங். ஈவினிங் லேம்ப், எவ்ரிபடி ஈட்டிங்" என்று நான் விளக்கினேன். சார் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டார். சாயங்காலம் விளக்கேற்றும் வரைக்கும் சார் அக்காவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்து, பிறகு சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. சார் ஊருக்குப் போனார். அடுத்த வருஷம் அக்கா பேருக்கு ஒரு பார்சல் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. காய்ந்த காளான் பொட்டலம் மட்டும். அக்கா வழக்கப்படி வாயில் போட ஒரு துண்டைத் தேடினார். இந்தத் தடவை வெந்நீரும் தயாராக வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சீவல் தனியாக, பேப்பரில் சுற்றி இருந்தது. பிரித்தார்.

அதன் ஒரு ஓரத்தில் அரைவட்டமாகப் பல் கடித்த தடம். பச்சையாக இருக்கும்போதே கடித்து, கடித்தபடியே காய வைத்தது.

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "அவரே பறிச்சிருக்காரு!" என்று கத்தினார். "அவரே பறிச்சி, அவரே மொத வாய் தின்னுட்டு அனுப்பிச்சிருக்காரு, நோடப்பா!" வாட்ச்மேனிடம் காட்டினார், தோட்டக்காரரிடம் காட்டினார், பால்காரரை நிறுத்திக் காட்டினார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் அப்பா அன்று அழுதது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

மத்தியானம் களி கிண்டிக் காளான் ஊற்றி முதல் தட்டை என்னிடம் நீட்டினார். நான் கையை வைக்காமல் அவர் வாயைப் பார்த்தேன்.

"இன்னா பாக்கற? தின்னு."

"நீங்கக்கா?"

"அதான் அவரு அங்க தின்னுட்டாரே."

அன்று ஒரு நாள்தான் அந்த அக்கா எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் கிருத்திகை. என் மனைவி சுண்டலை மூடிக் கொண்டுவந்து முருகன் முன்னால் வைத்தாள். வழக்கம்போல யாரும் ருசி பார்க்கவில்லை. உப்பு இருக்கிறதோ இல்லையோ தெரியாது. நான் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினேன். 'பாவம்ப்பா உங்க சாமி' என்று அக்கா சொன்னது காதில் கேட்டது. இத்தனை வருஷமாக சாமிக்கு மரியாதை என்று நினைத்துத்தான் முதலில் படைத்துக்கொண்டிருந்தேன். நல்லதோ கெட்டதோ, எங்களுக்கு முன்னால் முதல் வாய் நீதானே சாப்பிட்டுப் பார்க்கிறாய், முருகா என்று அன்றுதான் தோன்றியது.

கும்பிட்டுவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

"ம். சாப்பிடுங்க."